ஐந்தரை அடி ஸ்லாப்

சமையலறை ஸ்லாப் ஐந்தரை அடி. சிங்க் ஒன்றரை அடியை எடுத்துக்கொண்டது. இரண்டு பர்னர் அடுப்புக்கு இரண்டே கால். மிச்சம் ஒன்றே முக்கால் அடி. மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், ரைஸ் குக்கர், கெட்டில், ஓவன் எல்லாம் அந்த ஒன்றே முக்கால் அடிக்குத்தான் வரிசையில் நின்றன. காய் நறுக்குவதும் அங்கேதான். சப்பாத்தி தேய்ப்பதும் அங்கேதான்.

வெறும் ஸ்லாப்தான் ஒரு சமையலறையில் அதிகம் உழைக்கிற பொருள். அதை எடுத்துக்கொள்கிற எந்த மெஷினும் அதைவிட அதிகம் உழைக்க வேண்டும். வீடு மாறும்போது அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன் இதை முடிவு செய்துகொண்டோம்.

*

திருவள்ளூர் மாவட்டத்தின் தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் மாடி மேல் மாடியாக வாடகைப் போர்ஷன்கள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை. கட்டுகிறவர்கள் வாசலுக்கு டைல்ஸ் பதிப்பதில் காட்டுகிற அக்கறையைச் சமையலறை பிளக் பாயிண்டில் காட்டுவதில்லை. வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு, வண்டி எங்கே நிறுத்துவது என்று கேட்கிறார்கள். சமையலறையில் எத்தனை 16 ஆம்பியர் பாயிண்ட் என்று கேட்பவர்களை நான் பார்த்ததில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

கணக்கு எளிது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சின்ன பிளக், 6 ஆம்பியர்: 230-ஐ ஆறால் பெருக்கினால் 1380 வாட். அதற்கு மேல் இழுக்கிற எதையும் அதில் சொருகக் கூடாது. இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர். கெட்டில் 1500 வாட். இரண்டும் பெரிய பிளக்குக்கு, அதாவது 16 ஆம்பியருக்கு, உரியவை. எங்கள் சமையலறையில் பெரிய பிளக் ஒன்றே ஒன்று. அதனால் எவை இருக்கலாம் என்பதில் பாதியை வீட்டுச் சுவரே தீர்மானித்துவிட்டது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி நாலைந்தை ஒன்றாகச் சொருகுவது பல வீடுகளில் நடக்கிறது. வயர் சூடாகி, பிளக்கின் கால் கருத்து, ஒருநாள் தீய்ந்த நாற்றம் வருகிற வரை யாரும் கவனிப்பதில்லை. சூடு உண்டாக்குகிற மெஷின் எதையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

*

இன்னொரு கணக்கு. சத்தம் போடுகிற மெஷின்தான் கரண்டைத் தின்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கிரைண்டர் ஓடினால் மீட்டர் பறக்கிறது என்பார் அத்தை. கிரைண்டர் மோட்டார் 150 வாட் அளவுதான். நாற்பது நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. வீட்டையே அதிரவைக்கிற 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடத்துக்கு எடுத்துக்கொள்வது அதைவிடக் குறைவு. சத்தமே இல்லாத இண்டக்‌ஷன் சராசரியாக 1500 வாட்டில் தினம் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்தில் 90 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட்டை அது ஒன்றே கிட்டத்தட்ட முடித்துவிடும்.

தனி மீட்டர் இல்லாத போர்ஷனில் இது இன்னும் முக்கியம். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்கிற விலைக்குப் பணம் வாங்குவார். அங்கே இலவச யூனிட் என்ற பேச்சே கிடையாது. அந்த வீடுகளில் இண்டக்‌ஷன் அன்றாட அடுப்பாக இருக்கவே கூடாது. சிலிண்டர் தீர்ந்த இரவுக்கு மட்டும்.

*

அடுப்பு என்று எழுதியதும் இந்த மண்ணைப் பற்றி ஒரு குறிப்பு எழுதாமல் முடியவில்லை.

இப்போது தொழிற்சாலைகள் நிற்கிற இடம், ஆயிரம் ஏக்கருக்கு மேல், தேர்வாய் ஊர்க்காரர்களுக்கு மேய்ச்சல் நிலமாகவும் காடாகவும் இருந்தது. ஆடு மாடு அங்கே மேய்ந்தது. விறகு அங்கிருந்து வந்தது. 2009-ல் மிச்செலின் டயர் நிறுவனத்தோடு தமிழ்நாடு அரசு ஒப்பந்தம் போட்டது. நிலத்துக்காக ஊர் போராடியது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழ்கிற ஊர். 2012-ல் புகார் பாரிஸ் வரை போய், பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையை விசாரிக்கிற ஓஇசிடி தொடர்பு மையத்தின் முன் நின்றது. அந்தப் புகாருக்குள் ஒரு சமையலறையும் இருந்ததாகவே நான் வாசிக்கிறேன். விறகும் பாலும் விலை கொடுக்காமல் கிடைத்த வீடு, சிலிண்டரும் பாக்கெட் பாலும் வாங்குகிற வீடாக ஆகிறது. அந்த மாற்றத்தில் கூலி உயர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுப்பெரிக்க மாதம் எவ்வளவு போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

தண்ணீரும் அப்படித்தான். கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, 380 கோடி ரூபாயில், 500 மில்லியன் கனஅடி கொள்ளும் நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். சென்னையின் குடிநீருக்காகக் கட்டியது. இந்தப் பக்கத்துப் போர்ஷன்களில் நாங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம். சமையலறைத் தரையில் ஒரு சதுர அடி அந்தக் கேனுக்கு. எந்த மெஷினும் கேட்காத இடம் அது, ஆனால் விட்டுத்தர முடியாத இடம்.

*

ஷிஃப்ட். சமையலறை மெஷின்களைப் பற்றிய பேச்சில் இதை யாரும் சேர்ப்பதில்லை. இங்கே எல்லாமே இதை வைத்துத்தான்.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் காலை ஏழரைக்குப் படுக்கிறார். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர். எட்டு மணிக்கு மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தால் அவர் தூக்கம் போச்சு. பகல் தூக்கம் ஒருமுறை கலைந்தால் திரும்ப வராது. அந்தத் தூக்கம் இல்லாமல் இரவு மெஷின் முன்னால் நிற்பது ஆபத்து. ஆகவே எங்கள் வீட்டில் மெஷின்களைச் சத்தத்தை வைத்துப் பிரிக்கிறோம். ரைஸ் குக்கர் சத்தம் போடாது, அதனால் அதற்கு இடம் உண்டு. மிக்ஸி வேலையை முந்தின நாள் மாலையே முடித்துவிட வேண்டும். பொடி, பூண்டு விழுது, வதக்கிய துவையல் எல்லாம் அப்போதே. அரைத்ததை வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். இப்படித்தான் எங்கள் பட்டியலில் ஃபிரிட்ஜ் மேலே ஏறியது. ஆடம்பரத்துக்காக இல்லை. ஒருவர் தூங்க வேண்டும் என்பதற்காக.

ஷிஃப்டின் இன்னொரு பக்கம், கேண்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் கேண்டீன் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஒரு வேளைச் சாப்பாடு அங்கே முடிகிறது. அதனால் வீட்டில் நாலு பேருக்கு மூன்று வேளை சமைக்கிற பழைய கணக்கு பொருந்தாது. கல்யாணச் சீராக வந்த பத்து லிட்டர் குக்கர் லாஃப்டில்தான் கிடக்கிறது. மூன்று லிட்டரும் ஐந்து லிட்டரும்தான் தினம் அடுப்பேறுகின்றன.

*

குக்கர். இதற்கு பிளக் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை. உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரிப் பக்கத்தில் கொதிக்கிறது. பருப்பு வேகும் நேரம் பாதிக்கும் கீழே. அடுக்குப் பாத்திரம் வைத்தால் கீழே பருப்பு, நடுவில் சோறு, மேலே காய். ஒரே பர்னர், ஒரே தீ.

அடுக்கி வைத்து ஒரே நெருப்பில் சமைக்கிற இந்த யோசனை பழையது. 1910-ல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் இக்மிக் குக்கர் என்று ஒன்றைச் செய்தார். அடியில் கரி, மேலே நீராவி, அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும். தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போனவர்களுக்கு அது பெரிய துணையாக இருந்தது. எங்கள் தெருவில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் நாலைந்து பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது ஒரு குக்கர், ஒரு தவா, ஒரு கடாய், ஐந்து கிலோ சிலிண்டர். வேறு எதுவும் இல்லை. நல்ல சாப்பாடு சாப்பிடுகிறார்கள். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கக்கூடிய அந்த ஐந்து கிலோ சிலிண்டரை இந்தியன் ஆயில் 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறது. வேலை தேடி வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாடகை ஒப்பந்தம் கூட இல்லாமல் தங்கியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த அறையைப் பார்த்த பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடையில் எதையாவது பார்த்து ஆசைப்பட்டால், குக்கரும் தவாவும் செய்ய முடியாத எதை இது செய்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன.

*

மிக்ஸி நிற்கவில்லை. அதைக் குக்கரும் தவாவும் செய்ய முடியாது.

நம் மிக்ஸி பிறந்த கதை சமையலறையில் தொடங்கியது. 1960களில் பம்பாயில் சீமென்ஸில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஜெர்மனியின் பிரவுன் மிக்ஸர் ஒன்று இருந்தது. அது நம் அரைப்புக்குத் தாங்காமல் கெட்டது. இங்கே பழுது பார்க்க வழியில்லை. மனைவி மாதுரி, அப்படியானால் நீங்களே ஒன்று செய்யுங்கள் என்றார். அதிலிருந்து வந்தது சுமீத். வெளிநாட்டு மிக்ஸர் பழச்சாற்றுக்கும் கிரீமுக்கும் செய்தது. உலர்ந்த மஞ்சள், மிளகாய், ஊறிய உளுந்து, கொப்பரைத் தேங்காய் எல்லாவற்றையும் ஒரே மோட்டார் தாங்க வேண்டும் என்பது நம் சமையலறையின் கேள்வி. அதற்கு ஒரு வீட்டிலிருந்து பதில் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இங்கே எல்லை ஊர்களில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன, சாப்பாடும் அப்படியே. புளிச்சகீரைத் துவையல் கொரகொரப்பாக வர வேண்டும். அதற்கு விலையுயர்ந்த மிக்ஸி வேண்டியதில்லை. சின்ன ஜாரும், விட்டு விட்டுச் சுற்றுகிற விப்பர் பக்கமும் போதும்.

மிக்ஸி நின்றுபோனால் உடனே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுகிறவர்களுக்கு: மெஷினைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். ஓவர்லோட் ஆனால் அது வெளியே வந்துவிடும். ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் பல நேரம் ஓடும். ஓடுகிற சத்தம் கேட்டு பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கும். ஜாரின் அடியில் கறுப்பாக ஒழுகினால் புஷ் போயிருக்கும். கும்மிடிப்பூண்டி பஜாரில் சர்வீஸ் செய்கிற தம்பி இதைத்தான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். "அக்கா, மோட்டார் நல்லா இருக்கு. ஜாரை மட்டும் விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கிக்கங்க." புதியது விற்கிற கடையில் இந்தப் பேச்சு கிடைக்காது. பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இருக்கிற பிராண்டை வாங்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வாங்கும் விதி.

*

கிரைண்டர் பற்றித்தான் வீட்டில் நீண்ட பேச்சு.

விட்டுவிடலாம் என்பதற்கான காரணங்கள் வலுவானவை. கனம். ஒன்றே முக்கால் அடியில் ஒரு அடியை அது எடுத்துவிடும். வாரம் ஒருமுறைதான் ஓடும். கழுவுவது பெரிய வேலை, அதுவும் தண்ணீர் விடுகிற நேரம் தவறினால். தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட் கிடைக்கிறது.

வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கல் மெதுவாகச் சுற்றுகிறது. மாவு சூடேறுவதில்லை. மிக்ஸியின் பிளேடு அதிவேகமாக வெட்டுவதால் உளுந்து சூடாகிறது, நிறைய காற்றை உள்வாங்கிப் பந்து போல எழும்புவதில்லை. அதனால் அதே உளுந்தில் மாவு குறைவாகக் காண்கிறது, இட்லியும் கல்லாகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைத்துச் சமாளிக்கலாம், ஆனால் கிரைண்டர் மாவு கிரைண்டர் மாவுதான். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. வீட்டில் மாவு இருந்தால் ஏ ஷிஃப்டுக்கு அதிகாலையில் கிளம்புகிறவருக்குப் பத்து நிமிடத்தில் சூடாக ஏதாவது கிடைக்கும். பி ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவை ஒட்டிக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு இரண்டு தோசை ஊற்றலாம். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே மாவு. வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம் ஓடுகிற மெஷின் வாரம் முழுக்க வேலை செய்வதாகத்தான் நான் கணக்கு வைக்கிறேன்.

எங்களிடம் இருப்பது அத்தை வீட்டிலிருந்து வந்த அரசாங்கக் கிரைண்டர். 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை இதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில்தான் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு 25 லட்சம் குடும்பங்கள் என்று இலக்கு. ஓட்டுக்கான இலவசம் என்று அன்று நிறையப் பேர் எழுதினார்கள். ஆட்டுக்கல்லில் குனிந்து உட்கார்ந்து மாவாட்டியவர்களின் தோளையும் முழங்காலையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அத்தையின் உள்ளங்கையில் குழவி பிடித்த காய்ப்பு இன்னும் இருக்கிறது. அவருக்கு முதல் மெஷின் அது. இந்தப் பக்கத்து வாடகைப் போர்ஷன்களில் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் அந்தக் கிரைண்டர்களை இன்றும் பார்க்கலாம். பெல்ட் மாற்றி, வயர் மாற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன.

வெட் கிரைண்டரே நம் ஊர்ச் சரக்கு. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மோட்டாரால் ஆட்டுக்கல்லைச் சுற்றவைத்தார் என்று அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பட்டுக்கும் மல்லிகைக்கும் கிடைத்த மரியாதை சமையலறை மெஷின் ஒன்றுக்குக் கிடைத்திருக்கிறது என்பதை எல்லோருக்கும் சொல்ல ஆசை.

இடப் பிரச்சினைக்கு வழி: ஸ்லாபில் வைக்கவில்லை. சக்கரம் வைத்த பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கி, ஸ்லாபுக்கு அடியில் தள்ளிவிட்டோம். ஞாயிறு மட்டும் வெளியே இழுக்கிறோம். தூக்கத் தேவையில்லை. தூக்க வேண்டியிருந்தால் எந்த மெஷினும் சீக்கிரம் பயன்பாட்டிலிருந்து போய்விடும்.

*

ரைஸ் குக்கர். 1955-ல் ஜப்பானில் தோஷிபா தானியங்கி ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் மினாமி என்ற சிறுதொழில் முதலாளியும் அவர் மனைவி ஃபுமிகோவும் வீட்டில் சோறு வடித்து வடித்துச் சோதித்தார்கள். தண்ணீர் இருக்கிற வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், அந்த ஏற்றத்தில் சுவிட்ச் விழும். அவ்வளவுதான் சூத்திரம். இன்று நம் கடைகளில் இருப்பவற்றில் அடியில் ஒரு காந்தம். சூடு ஏறினால் அதன் பிடி தளர்ந்து 'டக்' என்று விடும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

இந்தப் பகுதிக்கு அது அந்நியமும் இல்லை. ஜி.என்.டி. சாலையில் சோழவரத்தில்தான், இந்தோ மட்சுஷிட்டா என்று இருந்து பிறகு பானாசோனிக் பெயருக்கு மாறிய ரைஸ் குக்கர் தொழிற்சாலை.

வடித்த சோற்றுக்குப் பழகிய வீட்டில் அத்தைக்கு இது பிடிக்காது. கஞ்சி எங்கே என்று கேட்பார். நியாயம்தான். ஆனால் நைட் முடித்து வந்தவர் அரிசியைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கலாம், எழும்போது சோறு சூடாக இருக்கும். கேஸை அணைத்தோமா என்ற பயம் இல்லை. 700 வாட், அரை மணி, யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. சின்ன பிளக்கே போதும். வைத்துக்கொள்கிறோம்.

*

போனவை: மைக்ரோவேவ் ஓவன். ஒன்றே முக்கால் அடியை முழுவதும் கேட்டது, செய்தது சூடுபடுத்துகிற வேலை மட்டும். டோஸ்டர், தவா இருக்கிறது. கெட்டில், நைட் ஷிஃப்ட் நண்பர் ஒருவரின் அறைக்குப் போய்விட்டது, அங்கே அடுப்பே இல்லை, அங்கே அது தேவை. ஏர் ஃப்ரையர் வாங்கச் சொல்லி உறவில் ஒரு வற்புறுத்தல். இப்போதைக்கு இல்லை.

இண்டக்‌ஷன் இருக்கிறது, நிமிர்த்தி, சுவரோரமாக. வாங்கும் முன் வீட்டிலிருக்கிற பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாத அலுமினியமும் செம்பும் அதில் சூடாகாது. புதுப் பாத்திரம் வாங்குகிற செலவையும், அவற்றை வைக்கிற இடத்தையும் அடுப்பின் விலையோடு சேர்த்துக் கூட்ட வேண்டும்.

*

1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். பெண்கள் எத்தனை அடி நடக்கிறார்கள், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தார். ரயிலின் சமையல் பெட்டியை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். சுமார் 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. ஒரே ஆள் நின்று வேலை செய்கிற அளவுக்குத்தான் இடம் இருந்தது என்ற குறை பின்னால் வந்தது. அந்தக் குறையில் உண்மை உண்டு. எங்கள் சமையலறையிலும் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். இருந்தாலும் தொழிலாளி வீட்டுச் சமையலறையை ஒருவர் அளந்து பார்த்தார் என்பது பெரிது. சிப்காட்டில் தொழிற்சாலைக்கு ஏக்கர் கணக்கு, சாலைக்கு அகலக் கணக்கு, மின்சாரத்துக்கு மெகாவாட் கணக்கு எல்லாம் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் சமைக்கிற இடத்துக்கு யாரிடமும் கணக்கு இல்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு நான் கேட்பது மூன்றுதான்: ஸ்லாப் எட்டு அடி, பெரிய பிளக் இரண்டு, புகைபோக்க ஒரு எக்ஸாஸ்ட் துவாரம்.

*

ஆடித் தள்ளுபடிக்குப் பெரியபாளையம் ரோடு முழுக்க பேனர். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், பழைய மிக்ஸிக்கு நல்ல விலை. நாங்கள் வாங்கப் போவது ஐந்து லிட்டர் குக்கருக்கு ஒரு கேஸ்கட், மிக்ஸிக்கு ஒரு கப்ளர், கிரைண்டருக்கு ஒரு பெல்ட். பிறகு வீட்டுக்காரரிடம் பேசி, எங்கள் செலவிலாவது இன்னொரு 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மாவு அரைத்து முடித்துவிட வேண்டும்.